தனியாக நின்று பேசும் உரிமை: ஊர் ஊராகப் போன கறுப்பினச் சிரிப்புக்காரர்களின் வரலாறு

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரித் தம்பி, எல்லோரும் கிளம்பிய பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்தார். என்ன விசயம் என்று கேட்டோம். அவர் கல்லூரியில் கலைவிழா நடந்திருக்கிறது. உடன் படிக்கும் ஒருவர் மைக்கைப் பிடித்து ஸ்டாண்ட்-அப் காமெடி செய்திருக்கிறார். கோட்டாவில் சீட் வாங்கியவர்கள், உதவித்தொகை வந்த அன்றைக்குப் புதுச் சட்டை போடுகிறவர்கள் என்று பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறார். அரங்கமே சிரித்திருக்கிறது.

"நானும் சிரிச்சேன் அண்ணா. சிரிக்காம உட்கார்ந்தா நான் யாருன்னு தெரிஞ்சிடுமோன்னு சிரிச்சேன். அதுதான் நாலு நாளா தூங்க விடல" என்றார் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். "அடுத்த வருசம் நானே மேடை ஏறலாம்னு இருக்கேன். நான் பேசினா எதுக்குச் சிரிப்பாங்க? என் பேச்சுக்கா, எனக்கா?"

அன்று எங்களிடம் உடனடியாகப் பதில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம். தம்பியின் கேள்வியை நூறாண்டுக்கும் மேலாகச் சுமந்துகொண்டு ரயிலிலும் பேருந்திலும் ஊர் ஊராக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவின் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்கள். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் படிக்கப் போன கொலம்பியா பல்கலைக்கழகம், கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது. 1946-இல் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பை இளைஞர்கள் 'பிளாக் பாந்தர்' பெயரைத் தழுவி 'தலித் பாந்தர்' என்று தங்களுக்குப் பெயர் வைத்தார்கள். நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வரலாற்றை வாசிப்பது நம் இயக்கத்துக்குப் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் சிரிப்பு மட்டும் விடுபட்டுப் போயிருக்கிறது.

ஒரு கோமாளியின் பெயரில் ஒரு சட்டம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை என்று விதித்த சட்டங்களை 'ஜிம் குரோ' சட்டங்கள் என்பார்கள். ஜிம் குரோ என்று ஒரு ஆட்சியாளரோ நீதிபதியோ கிடையாது. அது ஒரு காமெடி வேடத்தின் பெயர்.

1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கந்தல் உடுத்தி, நொண்டி நொண்டி ஆடிப் பாடினார். அந்த வேடத்துக்கு அவர் வைத்த பெயர்தான் ஜிம் குரோ. அது ஊரையே சிரிக்கவைத்தது. அவரைப் பார்த்து இன்னும் பலர் கரி பூசினார்கள். 'மின்ஸ்ட்ரல்' என்ற இந்த ஆட்டம் அமெரிக்காவின் பெரும் வெகுமக்கள் பொழுதுபோக்காக வளர்ந்தது. கறுப்பன் சோம்பேறி, திருடன், முட்டாள், எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவன் என்று மேடை தினமும் பாடம் நடத்தியது. அடிமைமுறை ஒழிந்தபின் நிறப்பிரிவினைச் சட்டங்கள் வந்தபோது அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் கோமாளியின் பெயர். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் அந்தப் பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது.

"சும்மா தமாசுக்குத்தானே சொன்னோம்" என்று யாராவது இனி நம்மிடம் சொன்னால், ஜிம் குரோவின் கதையை அவர்களுக்குச் சொல்லலாம். தமாசு முதலில் வந்தது, சட்டம் அதன் பின்னால் வந்தது.

கரி பூசிய கறுப்பர்

இந்த மேடையில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் கிடைத்தபோது அவர்கள் முகத்திலும் கரி பூசச் சொன்னார்கள். பஹாமாஸ் தீவில் 1874-இல் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் மாநிறத்துக்காரர். தன் நிறம் போதாதென்று எரித்த கார்க்கைக் குழைத்துப் பூசிக்கொண்டுதான் அவர் மேடையேற முடிந்தது. கறுப்பர் ஒருவர், வெள்ளையர் கற்பனை செய்த கறுப்பனாக வேடம் போட வேண்டியிருந்தது.

அந்த வேடத்துக்குள்ளும் அவர் மகா கலைஞராக இருந்தார். ஜார்ஜ் வாக்கருடன் சேர்ந்து 1903-இல் 'இன் டஹோமி' என்ற நாடகத்தை நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குக் கொண்டுவந்தார். எழுதியவர்களும் நடித்தவர்களும் கறுப்பர்களே. 1910-இல் புகழ்பெற்ற ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் குழுவில் சேர்ந்தார். கறுப்பரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சக நடிகர்கள் சிலர் முரண்டு பிடித்தார்கள். முதலாளி அவர்களுக்கு இணங்கவில்லை, வில்லியம்ஸ் பல ஆண்டுகள் அந்தக் குழுவில் நீடித்தார். ஆனால் இரவில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்த மனிதர், தங்கியிருந்த ஓட்டலுக்குத் திரும்பும்போது பின்பக்க லிஃப்டில் போக வேண்டியிருந்தது என்று உடன் நடித்த எட்டி கேன்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1922-இல் டெட்ராய்ட் நகரில் நடித்துக்கொண்டிருக்கும்போதே வில்லியம்ஸ் மேடையில் சரிந்து விழுந்தார். அதுவும் காமெடிதான் என்று நினைத்து கூட்டம் சிரித்தது. சில நாட்களில் இறந்துபோனார். வயது 47. கலைஞன் உண்மையிலேயே விழுந்தபோதுகூடச் சிரிப்பதற்கு அந்தக் கூட்டத்தைப் பழக்கியிருந்தார்கள். "என் பேச்சுக்கா, எனக்கா" என்று தம்பி கேட்டதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் இருக்க முடியாது.

இரண்டு பேராகத்தான் வர வேண்டும்

அந்தக் காலத்து வெள்ளையர் வாடவில் அரங்குகளில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. கறுப்பினக் கலைஞர் தனியாக மேடைக்கு வரக்கூடாது, இரண்டு பேராகத்தான் வர வேண்டும். இது என்ன விதி என்று முதலில் எங்களுக்கும் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த விதிதான்.

இரண்டு கறுப்பர்கள் மேடையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் வெள்ளையர் அதை வேடிக்கை பார்க்கலாம். தனியாக நிற்கும் ஒருவர் யாரோடு பேசுவார்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். கண்ணுக்கு நேராகப் பார்த்து, சரிசமமாக நின்று, தன் கருத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பாடலாம், ஆடலாம், குட்டிக்கரணம் போடலாம், ஆனால் நின்று பேசக்கூடாது. வெள்ளையர் இரவு விடுதிகளில் இந்த வழக்கம் 1950-கள் வரைக்கும் தொடர்ந்தது.

நம் தாத்தாக்கள் ஊர்த் தெருவில் பேசியதே இல்லையா? பேசினார்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து, "சாமி" என்று தொடங்கிப் பேசினார்கள். நிமிர்ந்து நின்று பேசியபோதுதான் அடி விழுந்தது. ஸ்டாண்ட்-அப் என்ற சொல்லுக்கு 'நின்றுகொண்டு' என்றுதானே பொருள்? நிற்பதற்கே உரிமை இல்லாதவர்களுக்கு அது வெறும் கலைவடிவத்தின் பெயராக இருக்க முடியாது.

குடல் கறிப் பாதை

வெள்ளையர் மேடை மூடியிருந்ததால் கறுப்பின மக்களின் அரங்குகளே கலைஞர்களுக்குச் சோறு போட்டன. 1920-களில் இவற்றில் பெரும்பகுதியை 'டோபா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரங்க உரிமையாளர் சங்கம் ஒன்று கோத்து வைத்திருந்தது. கூட்டம் கறுப்பு, மேடையில் இருப்பவர் கறுப்பு, அரங்கின் முதலாளி பெரும்பாலும் வெள்ளை. ஒரே நாளில் பல காட்சிகள், குறைந்த கூலி, அடுத்த ஊருக்குப் போகும் செலவு கலைஞரின் கையிலிருந்து. டோபா என்ற சுருக்கெழுத்துக்குக் கலைஞர்கள் 'கறுப்பரை வதைப்பது' என்று பொருள்படும்படி வேறொரு விரிவாக்கம் சொல்லிச் சிரித்தார்கள். 1930-ஐ ஒட்டி வந்த பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அந்தச் சங்கம் சிதைந்தது.

அதற்குப் பின்னும் நீடித்த அரங்குகள், சாராயக்கடைகள், நடனக் கூடங்களின் வலைக்கு 'சிட்லின் சர்க்யூட்' என்று பெயர் வந்தது. சிட்லின் என்றால் பன்றிக் குடல். நல்ல கறியை ஆண்டை எடுத்துக்கொண்டு, அடிமைக்கு விட்டெறிந்த மிச்சம். அந்த மிச்சத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, மணக்க மணக்கச் சமைத்துத் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள் கறுப்பின மக்கள். குடல் கறியின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதையின் உச்சியில் ஐந்து பெரிய அரங்குகள் இருந்தன: நியூயார்க் ஹார்லெமின் அப்பல்லோ, வாஷிங்டனின் ஹோவர்ட், பால்டிமோரின் ராயல், பிலடெல்பியாவின் அப்டவுன், சிகாகோவின் ரீகல். அடியில் தெற்கத்திய சிற்றூர்களின் தகரக் கொட்டகைகள். ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்கு இடையே உணவகம் இல்லை, கழிப்பறை இல்லை, படுக்க இடமில்லை. இருட்டியபின் கறுப்பர் இருக்கக்கூடாது என்று பலகை வைத்த ஊர்கள் வழியில் இருந்தன. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-இல் ஒரு சிறு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் கறுப்பர் தங்கலாம், எங்கே பெட்ரோல் போடுவார்கள், எங்கே முடி வெட்டுவார்கள் என்ற பட்டியல் அது. 'பச்சைப் புத்தகம்' என்று பெயர் பெற்ற அந்தக் கையேடு 1960-களின் நடுப்பகுதி வரை வந்தது. ஊர் ஊராகப் போன நகைச்சுவையாளர்களின் வாழ்க்கை அந்தப் பட்டியலுக்குள்தான் நடந்தது.

கிழவி வேடத்தில் ஒரு பெண்

இந்தப் பாதையில் ஐம்பதாண்டுகள் நடந்தவர் மாம்ஸ் மேப்லி. இயற்பெயர் லொரெட்டா மேரி எய்கன். வட கரோலினா மாநிலத்தின் பிரெவார்ட் என்ற சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை விபத்தில் இழந்தார். பாலியல் வன்முறைக்கு ஆளானார். பதின்வயதில் வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்தார். பட்டர்பீன்ஸ், சூஸி என்ற கறுப்பினத் தம்பதியர் அவருடைய திறமையைக் கண்டு டோபா மேடைகளுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள்.

இளம் பெண்ணாக இருக்கும்போதே கிழவி வேடம் போடத் தொடங்கினார். தொளதொளத்த வீட்டு உடை, சரிந்த தொப்பி, பின்னாளில் பல்லில்லா வாய். வெள்ளையர் வீடுகளில் சமையலும் பிள்ளை வளர்ப்பும் பார்க்கும் கறுப்பினக் கிழவியை யாரும் அபாயமாக நினைப்பதில்லை. அந்த அலட்சியத்துக்குள் நுழைந்துகொண்டு அவர் எல்லாவற்றையும் பேசினார். கிழட்டுக் கணவர்களைப் பற்றி, பெண்ணின் ஆசையைப் பற்றி, குடியரசுத் தலைவர்களுக்குத் தான் சொல்லும் புத்திமதிகளைப் பற்றி. தெற்கில் சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டி ஓட்டியதற்காகப் போலீஸ்காரர் மறித்ததாக ஒரு கதை சொல்வார். பச்சை விளக்கில் வெள்ளையர்கள் எல்லாம் போவதைப் பார்த்தேன், சிவப்பு எங்களுக்கு என்று நினைத்துவிட்டேன் என்று அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் முழுவதும் அந்த விளக்கில் எரிந்துவிடும்.

மேடையை விட்டு இறங்கினால் நேர்த்தியான உடையில் இருப்பார். பெண்களை நேசித்த பெண் அவர். உடன் பணியாற்றியவர்களிடம் அதை அவர் மறைத்ததில்லை. 1939 முதல் அப்பல்லோவின் முக்கியக் கலைஞர். 1962-இல் கார்னகி ஹாலில் மேடையேறினார். ஆனால் தொலைக்காட்சி அவரைக் காட்டியது 1967-இல். அப்போது அவர் எழுபதை ஒட்டியவர். கறுப்பின மக்கள் அரை நூற்றாண்டாக அறிந்த கலைஞரை வெள்ளை அமெரிக்கா 'புதுமுகம்' போலக் கண்டுபிடித்தது. 1975-இல் மறைந்தார்.

கவுண்டருக்கு அடியில் விற்ற இசைத்தட்டு

1940-களில் டிம்மி ரோஜர்ஸ் என்ற கலைஞர் கரியைத் துடைத்தார், கந்தலைக் கழற்றினார். சூட் அணிந்து, மக்களை நேராகப் பார்த்துப் பேசினார். இன்று இது ஒரு செய்தியாகவே தெரியாது. சட்டை போட்டதற்காகவும் செருப்பு அணிந்ததற்காகவும் அடிவாங்கிய சமூகத்துக்குத்தான் அதன் எடை தெரியும்.

இன்னொரு வழியைத் திறந்தவர் ரெட் ஃபாக்ஸ். செயின்ட் லூயிஸில் 1922-இல் பிறந்தவர். ஹார்லெமில் ஒரு கோழிக்கறிக் கடையில் பாத்திரம் கழுவினார். அங்கே அவரோடு வேலை பார்த்த இன்னொரு இளைஞர் பின்னாளில் மால்கம் எக்ஸ் ஆனார். ஃபாக்ஸின் பேச்சை எந்த வெள்ளை வானொலியும் ஒலிபரப்பாது. 1956-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பர் ஒருவர் நடத்திய டூட்டோ என்ற சிறு நிறுவனம் அவர் பேச்சை இசைத்தட்டாகப் போட்டது. ஆபாசம் என்று சொல்லப்பட்டதால் அது கடைகளில் கவுண்டருக்கு அடியில் விற்கப்பட்டது. கலைஞர் போக முடியாத ஊருக்கும் இசைத்தட்டு போனது. வாரக் கடைசியில் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் கூடினால் அதுவே அரங்கம். 1972-இல் ஃபாக்ஸுக்குத் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. பழைய சாமான் வாங்கி விற்கும் கறுப்பின முதியவர் வேடம். அந்தப் பாத்திரத்துக்கு இறந்துபோன தன் அண்ணனின் பெயரை வைத்தார்.

1961 ஜனவரி 13

அவருடைய ஊரான செயின்ட் லூயிஸிலேயே பத்தாண்டு கழித்து, 1932-இல் பிறந்தவர் டிக் கிரெகரி. தாய் வீட்டுவேலை செய்து வளர்த்த பிள்ளை. ஓட்டப்பந்தயத் திறமையால் கல்லூரிக்குப் போனார். ராணுவத்தில் இருந்தபோது நகைச்சுவைப் போட்டிகளில் வென்றார். சிகாகோவில் பகலில் தபால்துறை வேலை, இரவில் கறுப்பர் விடுதிகளில் பேச்சு.

1961 ஜனவரி 13 அன்று சிகாகோவின் பிளேபாய் கிளப்பில் ஒரு வெள்ளைக் கலைஞர் வராததால் இவரை அழைத்தார்கள். ஒரு இரவுக்கு 50 டாலர். அன்று அரங்கை எடுத்திருந்தவர்கள் தெற்கிலிருந்து வந்திருந்த உறைபதன உணவு வணிகர்கள். கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்ததும், இன்று வேண்டாமே என்று நிர்வாகத்தினர் தயங்கினார்கள். கிரெகரி மேடையேறிவிட்டார். வசைகளும் வந்தன. அவர் கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. ஒவ்வொரு வசைக்கும் ஒரு நகைச்சுவை தயாராக வைத்திருந்தார். கூட்டம் அவரை இறங்கவிடவில்லை.

அவருடைய பெயர்பெற்ற கதை ஒன்று. தெற்கில் ஒரு உணவகத்தில் போய் உட்கார்கிறார். பரிமாறும் பெண் வந்து, இங்கே கறுப்பர்களைப் பரிமாறுவதில்லை என்கிறாள். பரவாயில்லை, நான் கறுப்பர்களைச் சாப்பிடுவதில்லை, ஒரு முழுக் கோழி கொண்டு வா என்கிறார். இரட்டைக் குவளை வைத்த டீக்கடையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. இதில் சிரிப்புக்குள்ளாகிறவர் உணவு கேட்டவர் அல்லர், மறுத்தவர்.

கிரெகரி கண்டுபிடித்த தொழில் நுட்பம் ஒன்று உண்டு. மேடையேறியதும் முதலில் தன்னைப் பற்றியே கேலி செய்வார். எதிரிலிருப்பவர்கள் தன்மீது இரக்கப்படத் தொடங்கினால் சிரிக்க மாட்டார்கள், வெறுத்தாலும் சிரிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முதலில் மனிதராகத் தன்னை நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகுதான் நாட்டைக் கையில் எடுப்பார்.

அந்த ஓர் இரவு அவரை நாடறியச் செய்தது. அப்போதைய மிகப்பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சியான ஜாக் பார் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. கறுப்பினக் கலைஞர்கள் அங்கே வந்து தங்கள் கலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளைக் கலைஞர்களைத்தான் சோபாவில் உட்காரவைத்துப் பேசுவார்கள். உட்கார இடமுண்டா என்று கேட்டார் கிரெகரி. இல்லையென்றால் வரமாட்டேன் என்றார். கடைசியில் உட்காரவைத்தார்கள். தம்பி, தங்கைகளே, அழைப்பு வந்ததே பெரிது என்று நினைக்கும் வயதில் இருக்கும் உங்களுக்கு இந்தச் செய்தி முக்கியம். அவர் அப்போது பணக்காரரும் அல்லர், பிள்ளைகுட்டிக்காரர்.

மேடையிலிருந்து மிசிசிப்பிக்கு

இதற்குமேல் கிரெகரி சொகுசாக வாழ்ந்திருக்கலாம். 1962-63 குளிர்காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பினார்கள். அதற்குத் தண்டனையாக, ஏழைகளுக்கு வந்துகொண்டிருந்த அரசு உணவுப் பொருட்களை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிட்டது. கிரெகரி விமானம் பிடித்து 14,000 பவுண்டு உணவை அனுப்பிவைத்தார். தானும் போய் ஊர்வலத்தில் நின்றார். ஓட்டுக் கேட்டால் ரேசன் நிற்கும் என்ற மிரட்டல் நமக்குப் புதிதல்ல.

1963 மே மாதம் பர்மிங்காமில் கைதாகிச் சிறையில் அடிபட்டார். 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது மக்களை அமைதிப்படுத்தப் போய் காலில் குண்டடி பட்டார். 1968-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 47,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். வியட்நாம் போரை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். சிறையில் இருப்பவரை விடுதிக்காரர் எப்படி ஒப்பந்தம் செய்வார்? நிகழ்ச்சிகள் குறைந்தன. 1970-களின் தொடக்கத்தில், சாராயமும் புகையும் விற்கும் இரவு விடுதிகளில் இனிப் பேசுவதில்லை என்று தானாகவே விலகினார். கல்லூரி கல்லூரியாகப் போனார். சுற்றுப்பயணம் நிற்கவில்லை, கேட்பவர்கள் மாறினார்கள். 2017-இல் இறக்கும் வரை பேசிக்கொண்டிருந்தார்.

நகைச்சுவை நிறவெறியை ஒழிக்கும் என்று அவர் நம்பியதாக நாம் நினைக்கவில்லை. நம்பியிருந்தால் மைக்கோடு நின்றிருப்பார், சிறைக்குப் போயிருக்க மாட்டார்.

அந்தச் சொல்

1964-இல் வந்த தன்வரலாற்றுக்குக் கிரெகரி வைத்த தலைப்பு, கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல். பலர் அதிர்ந்தார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்ததை அறிந்த நமக்கு அதிர்ச்சி இல்லை. ஒளித்துவைத்தால் குத்தும் முள்ளை எடுத்து மேசைமேல் வைப்பது அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1940-இல் பியோரியா நகரில் பிறந்து, பாட்டி நடத்திய விபச்சார விடுதியில் வளர்ந்தவர் ரிச்சர்ட் பிரயர். தொடக்கத்தில் யாரையும் புண்படுத்தாத மென்மையான நகைச்சுவையால் வெள்ளையர் அரங்குகளில் நன்றாகச் சம்பாதித்தார். 1967-இல் லாஸ் வேகாஸின் அலாதீன் விடுதி மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்தவர், நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உரக்கக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். 1971-இல் பெர்க்லிக்குப் போனார், மால்கம் எக்ஸைப் படித்தார், கறுப்பின எழுத்தாளர்களோடு திரிந்தார். திரும்பி வந்தபோது அவர் மேடையில் தெருக் குடிகாரனும் திருடனும் கிழவனும் தங்கள் சொந்தக் குரலில் பேசினார்கள். அந்த வசைச்சொல்லும் மூச்சுக்கு மூச்சு வந்தது. 1974-இல் வந்த, அச்சொல்லையே தலைப்பில் கொண்ட அவருடைய இசைத்தட்டு கிராமி விருது வாங்கியது.

1979-இல் கென்யாவுக்குப் போனார். எங்கு பார்த்தாலும் கறுப்பின மக்கள், எல்லா வேலையிலும் அவர்களே. அங்கே அந்த வசைச்சொல்லுக்குப் பொருந்தும் ஒருவரையும் தான் காணவில்லை என்று உணர்ந்தார். இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, 1982-இல் வந்த படத்தில் மேடையில் நின்று அதை அறிவித்தார். கூட்டம் சிரிக்கவைக்கச் சொல்லிக் கைதட்டும் ஒரு சொல்லை, பணம் கொட்டும் நேரத்தில் விட்டார்.

ஒருவர் எடுத்தார், ஒருவர் விட்டார். யார் சரி என்று எங்கள் வட்டத்தில் இரண்டு மணிநேரம் சண்டை நடந்தது. நம் சாதிப் பெயரைத் திரைப்படங்கள் வசையாக்கும்போதும் நாமே அதைப் பெருமையோடு பாட்டில் சொல்லும்போதும் இதே சண்டை வரும். எங்களுக்குத் தெரிந்தவரை, எடுப்பதையும் விடுவதையும் முடிவு செய்யும் உரிமை அந்தச் சொல்லால் அடிபட்டவருக்கே உண்டு. முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவருக்கே உண்டு.

கதவு திறந்தபோது மூடிய அரங்குகள்

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. பொது இடங்களில் நிறப்பிரிவினை சட்டப்படி செல்லாததானது. கறுப்பின நட்சத்திரங்களுக்கு வெள்ளையர் அரங்குகள் திறந்தன. நல்ல கூலி கிடைத்தது. கறுப்பின ரசிகர்களும் எந்த அரங்குக்கும் போகலாம். உயிரைக் கொடுத்துப் பெற்ற வெற்றி அது, அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் குடல் கறிப் பாதை சிதைந்தது. சிகாகோவின் ரீகல் 1968-இல் மூடப்பட்டு, 1973-இல் இடிக்கப்பட்டது. பால்டிமோரின் ராயல் 1971-இல் இடிக்கப்பட்டது. ஹோவர்ட் 1970-இல் மூடியது. அப்பல்லோவே 1970-களில் கதவடைத்து, பிறகு மீண்டது. இந்த அரங்குகளில் நட்சத்திரங்கள் மட்டும் பிழைக்கவில்லை. வாசலில் டிக்கெட் கிழித்தவர், கலைஞர்களுக்கு வீட்டில் அறை கொடுத்துச் சோறு போட்ட அம்மாக்கள், மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த இளம் கலைஞர்கள் என எல்லோரும் பிழைத்தார்கள். பெரிய மேடைக்கு அழைக்கப்பட்டவர்கள் சிலர். சின்ன மேடையை இழந்தவர்கள் பலர். ஒரு கலைஞர் தைரியமாகத் தோற்றுப் பழகச் சின்ன மேடைதான் வேண்டும். தன் மக்கள் முன்னால் தோற்றால், அடுத்த வாரமும் வா என்பார்கள். அடுத்தவர் மேடையில் தோற்றால், இவர்களுக்கெல்லாம் வராது என்று சமூகத்துக்கே முத்திரை குத்துவார்கள்.

தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறோம். உங்கள் பேச்சுக்குச் சிரிப்பார்களா, உங்களுக்கா என்பது உங்கள் திறமையை மட்டும் பொறுத்ததில்லை. பெர்ட் வில்லியம்ஸைவிடத் திறமையானவர் அரிது. மேடை யாருடையது, எதிரே யார் இருக்கிறார்கள், கேலி எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது.

மாம்ஸ் மேப்லிக்கும் கிரெகரிக்கும் பிரயருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்களுடைய பேச்சுக்கு முதலில் சிரித்தவர்கள் அவர்களுடைய சொந்த மக்கள். சிகாகோவில் கறுப்பர் விடுதிகளில் பல இரவுகள் பேசிப் பேசித் தீட்டிய பிறகுதான் கிரெகரி அந்த வணிகர்கள் முன்னால் போய் நின்றார். அண்மை ஆண்டுகளில் தலித் நகைச்சுவையாளர்கள் சிலர் சேர்ந்து 'ப்ளூ மெட்டீரியல்' என்ற பெயரில் மேடையேறியிருக்கிறார்கள். ஆபாச நகைச்சுவைக்குத் தொழிலில் உள்ள பெயரையே எடுத்து, அதில் நம் நீலத்தைப் பூசிவிட்டார்கள். அவர்களும் ஒரு பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த வருடக் கலைவிழாவுக்கு முன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் பேசுங்கள். பத்துப் பதினைந்து பேர்தான் இருப்போம். மைக் கிடையாது, மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும். நகைச்சுவை நன்றாக இல்லையென்றால் சிரிக்க மாட்டோம், முன்பே சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அந்த அரங்கில் நீங்கள் சிரித்ததற்காக உங்கள்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகுப்பறையில் அப்படிச் சிரித்தவர்கள்தான். அதிலிருந்தே தொடங்குங்கள். நின்றுகொண்டு சொல்லுங்கள்.